நாற்காலியை விட்டு இறங்கிய பிறகு

போன மாதம் ஒரு கஸ்டமர் என் கேபினுக்கு வந்தார். பிவண்டிப் பக்கம் தறி போட்டிருக்கும் குஜராத்திக்காரர். நல்ல மனிதர், கணக்கும் சுத்தம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய கேஷ் கிரெடிட் லிமிட்டை உயர்த்திக் கொடுத்த ஃபைலில் என் கையெழுத்து இருக்கிறது. அடுத்த ரினியூவலும் என் மேஜைக்குத்தான் வரும்.

டீ குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். "இன்னும் எத்தனை வருஷம் சார் இப்படி டிரான்ஸ்ஃபர் ஆகிக்கொண்டே இருப்பீர்கள்? வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்துவிடுங்கள். ஃபைனான்ஸ் முழுக்க உங்கள் பொறுப்பு." சம்பளம் என்று அவர் சொன்ன தொகை, இப்போது வாங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பொய் சொல்லக்கூடாது. அன்று ராத்திரி டோம்பிவிலி லோக்கலில் நின்றுகொண்டு வரும்போது மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். வீட்டுக்கடன் பாக்கி, பெண்ணின் இஞ்சினியரிங் ஃபீஸ், பையனுக்கு நாலாவது ஊரில் நாலாவது ஸ்கூல். வெளிமாநிலத்தில் குப்பை கொட்டும் நம்மில் பலருக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். தங்கமணியிடம் சொன்னபோது, "நல்லதுதானே, இனிமே பெட்டி கட்ட வேண்டாம்" என்றாள். நானும் ஆமாம் என்றுதான் தலையாட்டினேன்.

ஆனால் தூக்கம் வரவில்லை. காரணம் ஒரு பழைய கதை.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சீனியர். பேர், ஊர், வங்கி எதுவும் வேண்டாம். ஸ்டாக் ஸ்டேட்மெண்டைக் காகிதத்தில் மட்டும் பார்க்காதே, சொல்லாமல் கொள்ளாமல் குடோனுக்குப் போய் நில் என்று சொல்லிக்கொடுத்தவர். ரிடையர் ஆகி, விதிப்படி காத்திருக்க வேண்டிய காலமும் முடிந்த பிறகு ஒருநாள் ஒரு கடன்தாரர் கம்பெனியின் ஆலோசகராக என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "என்னப்பா, எப்படி இருக்கே? அம்மா அப்பா சௌக்கியமா?" என்றார். அவ்வளவுதான். எதையும் கேட்கவில்லை, எதையும் சிபாரிசு செய்யவில்லை. நான்தான் அந்தத் தடவை குடோனுக்குப் போகவில்லை. அவர் வந்து உட்கார்ந்த பிறகு போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கணக்கு கெட்டுப்போகவில்லை, நல்லபடியாகத்தான் ஓடியது. இருந்தாலும் நான் செய்தது தப்பு. அதில் அவர் மீறிய விதி ஒன்றுமில்லை என்பதுதான் என்னை ரொம்ப நாள் குடைந்தது.

அப்போதிலிருந்தே, பதவியை விட்டு இறங்கியவர் அடுத்து எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று நம் நாட்டில் என்னதான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அவ்வப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். நான் பி.காம்., வக்கீல் அல்ல. ஒரு கணக்குப்பிள்ளையின் பார்வையில் படித்ததைச் சொல்கிறேன்.

உத்திரமேரூர் சுவரில்

மச்சினி கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போனபோது, பெண்கள் கடைக்குள் போய்விட்டார்கள். இனி மாலைதான் வருவார்கள் என்று தெரியும். நான் பஸ் பிடித்து உத்திரமேரூர் போய்விட்டேன். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பொது ஆண்டு 919, 921 என்று கணக்கிடுகிறார்கள். குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். பேர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி, ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்றவற்றுக்கு ஆள் பிடித்த முறை.

பள்ளிக்கூடத்தில் நாம் வேகமாகத் தாண்டிப்போன பகுதி யார் யார் நிற்கக்கூடாது என்ற பட்டியல். முந்தைய மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் வரவே கூடாது. அவர் மட்டுமா? அவருடைய அப்பா, பிள்ளை, சகோதரர்கள், மாமனார், மைத்துனர், மருமகன், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமா பிள்ளைகள் என்று நீளமான ஒரு உறவுப் பட்டியலே இருக்கிறது. நம் ஊரில் விஷயம் எந்த வழியாகச் சுற்றி வரும் என்று தெரிந்தவர்கள் எழுதியது.

அது எல்லோருக்குமான ஜனநாயகம் என்று ஜல்லியடிக்க மாட்டேன். அது பிராமணர்களின் சபை. நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பெண்களுக்கு அதில் இடமில்லை. ஆனாலும் ஒரு பதவிக்கும் அடுத்த பதவிக்கும் நடுவில் இடைவெளி வேண்டும், கணக்கு ஒப்படைக்காமல் அடுத்த நாற்காலி கிடையாது என்ற யோசனை ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம் பக்கத்தில் கல்லில் ஏறிவிட்டது.

1949: பூட்டிய கதவும் திறந்த கதவும்

அங்கிருந்து நேராக அரசியல் நிர்ணய சபைக்கு வருகிறேன். இன்றைக்கு நாம் பார்க்கும் விதிகளின் வேர் அங்கேதான்.

அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் சிலருக்கு மட்டும் கதவை இறுக்கிப் பூட்டினார்கள். முதல் ஆள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், நம் பாஷையில் சி.ஏ.ஜி. 148ஆவது பிரிவின்படி அவர் பதவி முடிந்தபின் மத்திய அரசிலோ எந்த மாநில அரசிலோ வேறு பதவிக்குத் தகுதியற்றவர். அரசாங்கத்தின் செலவைத் தணிக்கை செய்பவர் அதே அரசாங்கத்திடம் நாளைக்கு வேலை எதிர்பார்க்கக்கூடாது. அந்த அதிகாரிதான் ஒருவேளை சாசனத்திலேயே மிக முக்கியமானவர் என்று அம்பேத்கர் 1949 மே மாதம் சபையில் சொன்னார். ஆடிட்டிங் படித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

இரண்டாவது ஆள் யு.பி.எஸ்.சி. தலைவர். அரசுக்கு ஆள் எடுப்பவர் அரசிடமே வேலைக்குப் போகக்கூடாது என்கிறது 319ஆவது பிரிவு.

நீதிபதிகள் விஷயத்தில் பாதிப் பூட்டு. சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக இருந்தவர் இந்தியாவில் எந்தக் கோர்ட்டிலும் வக்கீலாக ஆஜராகக்கூடாது. ஆனால் அரசாங்கம் கொடுக்கும் பதவியை வாங்கிக்கொள்ளத் தடையில்லை. இதை ஒருவர் அப்போதே எதிர்த்தார். பேராசிரியர் கே.டி.ஷா, பம்பாய் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர். ஐந்து வருஷம் நீதிபதியாக இருந்தவருக்கு நிர்வாகப் பதவி எதையும் தரக்கூடாது, தூதர், ஹை கமிஷனர், மந்திரி எல்லாம் அதில் சேர்த்தி என்று திருத்தம் கொண்டுவந்தார். ஓய்வுக்குப் பின் கிடைக்கப்போவது ஓய்வுக்கு முன் எழுதும் தீர்ப்பை அசைத்துவிடும் என்பது அவர் பயம்.

அம்பேத்கர் ஏற்கவில்லை. கோர்ட்டுக்கு வரும் வழக்குகள் பெரும்பாலும் தனிமனிதர்களுக்கு இடையே நடப்பவை, அவற்றில் அரசாங்கத்துக்கு அக்கறை ரொம்பக் குறைவு, ஆகவே அரசாங்கம் நீதிபதியை வளைக்கும் வாய்ப்பும் குறைவு என்பது அவர் வாதம். சில வேலைகளுக்கு நீதிபதியின் அனுபவம் தேவைப்படும் என்றும் சொன்னார். அன்றைய நிலைமைக்கு அது நியாயமான கணிப்பு. இன்று கோர்ட்டுக்குப் போனால் முக்கால்வாசி எதிர்வாதி அரசாங்கமோ என்று தோன்றும் அளவுக்கு நிலைமை மாறிவிட்டது. கணிப்பு மாறியது, விதி மாறவில்லை.

பூட்டு தளர்ந்த கதை

ஹைகோர்ட் நீதிபதிகளுக்கும் ஆரம்பத்தில் முழுத்தடைதான், ஓய்வுக்குப் பின் எங்கேயும் வக்கீல் தொழில் கிடையாது. 1956இல் ஏழாவது திருத்தத்தில் அதைத் தளர்த்தி, தான் நீதிபதியாக இருந்த கோர்ட்டைத் தவிர மற்ற ஹைகோர்ட்களிலும் சுப்ரீம் கோர்ட்டிலும் ஆஜராகலாம் என்றார்கள். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. நல்ல வக்கீல்கள் நீதிபதியாக வரத் தயங்கினார்கள்.

1958இல் எம்.சி.சீதல்வாட் தலைமையிலான முதல் சட்டக் கமிஷன், ஓய்வுபெற்ற நீதிபதிகள் அரசாங்க வேலையை எதிர்பார்ப்பது நல்லதல்ல, அதைத் தடுக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அந்தக் கமிஷனில் ஒரு உறுப்பினர் எம்.சி.சாக்ளா, பம்பாய் ஹைகோர்ட் தலைமை நீதிபதி. சாதாரண ஆள் அல்ல. எல்.ஐ.சி. பணம் முந்த்ரா கம்பெனிகளில் போடப்பட்டதை இதே பம்பாயில் பகிரங்கமாக விசாரித்து, சில வாரங்களில் அறிக்கை கொடுத்தவர். நம்மூர் டி.டி.கே. நிதி மந்திரி பதவியை விட்டது அந்த விவகாரத்தில்தான். அப்பேர்ப்பட்ட சாக்ளா, அதே 1958இல் அமெரிக்காவுக்குத் தூதராகப் போனார். பிறகு லண்டனில் ஹை கமிஷனர். அப்புறம் மத்திய மந்திரி. ஷா கொடுத்த பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு டிக் அடிக்கலாம்.

சாக்ளா வளைந்துகொடுத்தார் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. முந்த்ரா அறிக்கையே அதற்குச் சாட்சி. ஆனால் அவ்வளவு நேர்மையானவருக்கே இந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டது என்றால் மற்றவர்களின் கதி என்ன?

சி.ஏ.ஜி. கதவுக்கு வருவோம். அதுதான் இறுக்கிப் பூட்டியதாயிற்றே! ஏ.கே.சந்தா 1954 முதல் 1960 வரை சி.ஏ.ஜி. ஓய்வு பெற்ற அதே 1960இல் மூன்றாவது நிதிக் கமிஷனின் தலைவரானார். நிதிக் கமிஷன் சாசனப்படி அமைவது, அது அரசின் கீழ் உள்ள பதவி அல்ல என்று வாதிட இடமுண்டு. அப்புறம் டி.என்.சதுர்வேதி. 1989இல் போஃபர்ஸ் அறிக்கை கொடுத்துப் பார்லிமெண்டையே உலுக்கிய சி.ஏ.ஜி. பின்னாளில் பி.ஜே.பி.யின் ராஜ்யசபா உறுப்பினர், 2002இல் கர்நாடக கவர்னர்.

கவர்னர் பதவி மட்டும் எப்படித் தடைக்குள் வரவில்லை? அதற்கு 1979இல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த ஒரு தீர்ப்பு இருக்கிறது. ராஜஸ்தான் கவர்னராக இருந்த ரகுகுல் திலக் முன்பு அந்த மாநிலத்துப் பப்ளிக் சர்வீஸ் கமிஷனில் உறுப்பினர். கமிஷனில் இருந்தவர் அரசு வேலைக்குப் போகக்கூடாது என்று சாசனம் சொல்கிறதே என்று வழக்குப் போட்டார்கள். கவர்னர் மத்திய அரசின் ஊழியர் அல்ல, அது தனித்து நிற்கும் சாசனப் பதவி, எனவே தடை பொருந்தாது என்றது கோர்ட். சட்டப்படி சரியான விளக்கமாகவே இருக்கலாம். ஆனால் கவர்னரை நியமிப்பது யார் என்று எங்கள் பிராஞ்ச் வாட்ச்மேனுக்கும் தெரியும்.

நம்மவர்களையும் விட்டுவிடக்கூடாது. தலைமைத் தேர்தல் கமிஷனருக்குச் சாசனத்தில் இப்படி ஒரு தடையே கிடையாது. பாலக்காட்டுத் தமிழரான டி.என்.சேஷன் கட்சிகளைக் கிடுகிடுக்க வைத்தவர். பதவி முடிந்தபின் 1997இல் ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்றார். 1999இல் காந்திநகரில் அத்வானியை எதிர்த்துக் காங்கிரஸ் வேட்பாளராக நின்றும் தோற்றார். ஈரோடு பக்கத்தைச் சேர்ந்த பி.சதாசிவம் 2014 ஏப்ரலில் இந்தியாவின் தலைமை நீதிபதி பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். செப்டம்பரில் கேரள கவர்னர். அந்தப் பதவியிலிருந்து கவர்னரான முதல் ஆள் அவர்தான். நடுவில் ஐந்து மாசம்கூட முழுசாக இல்லை. ரஞ்சன் கோகோய் 2019 நவம்பரில் ஓய்வு, 2020 மார்ச்சில் ராஜ்யசபா நியமன உறுப்பினர். எல்லாமே சட்டத்துக்கு உட்பட்டவை. நாடு முழுக்க வாதம் நடந்ததும் உண்மை.

பிற்காலத்தில் எழுதிய சட்டங்கள் கொஞ்சம் உஷாராக இருக்கின்றன. மத்திய விஜிலன்ஸ் கமிஷன் பற்றிய 2003ஆம் வருஷச் சட்டம், கமிஷனராக இருந்தவர் தூதர் பதவிக்கும் அரசின் ஆதாயப் பதவிகளுக்கும் போகக்கூடாது என்கிறது. 2013 லோக்பால் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஐந்து வருஷத்துக்குத் தேர்தலிலும் நிற்கக்கூடாது என்றது. ஷாவின் குரல் ஐம்பது அறுபது வருஷம் கழித்துக் கேட்டிருக்கிறது.

நம்மைப் போன்றவர்களுக்கு

இவர்களெல்லாம் மேல்தட்டு. கீழே, ஃபைல் தள்ளும் அதிகாரிகளுக்கு என்ன விதி?

மத்திய அரசின் 1972 பென்ஷன் விதிகளில் பத்தாவது விதி. குரூப் ஏ அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனவர் குறிப்பிட்ட காலத்துக்குள் தனியார் வியாபார நிறுவனத்தில் சேர்வதானால் அரசின் முன் அனுமதி வாங்க வேண்டும். கம்பெனி வேலை மட்டுமல்ல, தான் பார்த்த துறை சம்பந்தப்பட்ட ஆலோசகர் தொழிலும் இதில் அடங்கும். முன்பு இந்தக் காலம் இரண்டு வருஷம், இப்போது ஒரு வருஷம். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்ற அகில இந்தியப் பணிகளுக்கு 2015 டிசம்பரில் ஒரு வருஷமாகக் குறைத்தார்கள். 2021இல் வந்த புதிய பென்ஷன் விதிகளிலும் ஒரு வருஷம்தான்.

அனுமதி கேட்டால் அரசு எதைப் பார்க்கும்? அந்த நிறுவனத்துக்கு அவர் பதவியில் இருந்தபோது சலுகை காட்டினாரா, அரசின் ரகசியத் தகவல் அவரிடம் இருந்ததா, புது வேலை அரசின் நலனோடு மோதுமா, இப்படி. கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள். ஆனால் குறித்த நாட்களுக்குள் அரசு மறுத்துப் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே அர்த்தம். நம் நாட்டு ஆபீஸ்களில் ஃபைல் நகரும் வேகம் தெரிந்தவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும்.

மீறினால் என்ன தண்டனை? பென்ஷனில் கை வைப்பார்கள். முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தலாம். பென்ஷனை நம்பிக் குடும்பம் நடத்தும் சாதாரண அதிகாரிக்கு இது பெரிய பயம். பெரிய கம்பெனியின் டைரக்டராகப் போகிறவருக்கு அந்தப் பென்ஷன் பெட்ரோல் காசு. ஆக, சின்ன மீனைப் பிடிக்கும் வலையில் பெரிய மீன் நீந்திப் போய்விடும்.

எங்கள் வங்கிகளின் 1995 பென்ஷன் ரெகுலேஷனிலும் இதே சாயலில் ஒரு விதி உண்டு. வி.ஆர்.எஸ். வாங்கினாலும் ரிடையர்மெண்ட் ரிடையர்மெண்ட்தான்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். அறுபது வயதில் உடம்பு தெம்பாக இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் கற்ற தொழில் கையில் இருக்கிறது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இவரை வீட்டில் சும்மா உட்கார் என்பது நியாயமா? அரசாங்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் அந்த அனுபவம் தேவைதானே? இந்தக் கேள்விகள் நிஜமானவை. அதனால்தான் ஆயுள் முழுக்கத் தடை எல்லோருக்கும் சரிப்படாது. சி.ஏ.ஜி.க்குக் கொடுக்கும் பூட்டைக் கிளை மேலாளருக்குப் போட முடியாது.

இத்தனையும் படித்த பிறகு எனக்குப் புரிந்தது இது. இந்த விதிகளைப் போனவருக்கான தண்டனை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் இவை பாதுகாப்பது இரண்டு பேரை. ஒருவர், இன்னும் பதவியில் இருந்துகொண்டு கடைசி இரண்டு வருஷம் ஃபைல் பார்க்கும் அதே மனிதர். அடுத்த வேலைக்கு ஆசை காட்ட ஆளில்லை என்றால் அவர் பேனா தடுமாறாது. இன்னொருவர், அவர் போனபின் அதே நாற்காலியில் உட்காரும் ஜூனியர். எதிரே குரு வந்து உட்காராதவரை அவனால் குடோனுக்குப் போய் நிற்க முடியும். ஒரு வருஷ இடைவெளி முதல் ஆளுக்கு ஓரளவு போதும். என்னைப் போன்ற இரண்டாவது ஆளுக்குப் போதவில்லை. என் சீனியர் ஒரு வருஷம் காத்திருந்துதான் வந்தார். எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை ஒரு வருஷத்தில் காலாவதி ஆகவில்லையே! காலத்தை மட்டும் எண்ணாமல், தான் வேலை பார்த்த இடத்துக்கே பிரதிநிதியாக வந்து நிற்கக்கூடாது என்று இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஹைகோர்ட் நீதிபதிக்கு 1956இல் வைத்த விதி அப்படிப்பட்டதுதான். மற்ற கோர்ட்டுக்குப் போ, உன் கோர்ட்டுக்கு வராதே.

கடைசியில் என்ன செய்தேன்?

கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டேன். கருவூலத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"அவன் லோன் நீ போட்டதாடா?"

"ஆமாம்ப்பா."

"அப்போ லோன் போட்டதுக்குத்தான் இந்த வேலைன்னு நாலு பேர் சொல்லுவான். இல்லேன்னு எந்தக் கணக்கைக் காட்டுவே?"

என்னிடம் அப்படி ஒரு கணக்கு இல்லை. நான் நேர்மையாகத்தான் கையெழுத்துப் போட்டேன். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிவது வவுச்சர் ஆகாது.

மறுநாள் ஏ.ஜி.எம்.மிடம் போய், இந்தப் பார்ட்டி எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார், இவருடைய ரினியூவலை வேறு ஆபீசர் பார்க்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். தங்கமணி இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, அடுத்த டிரான்ஸ்ஃபர் மெட்ராஸ் பக்கம் கேளுங்கோ" என்றாள். கேட்டிருக்கிறேன். பார்ப்போம்.

குஜராத்திக்காரரிடமும் நேரில் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், இல்லை. சிரித்துக்கொண்டே, "பரவாயில்லை சார், ரிடையர் ஆகி ஒரு வருஷம் கழித்து வாருங்கள்" என்றார்.

விதி அவருக்கும் தெரிந்திருக்கிறது!

டிஸ்கி: அரசு, வங்கி, பொதுத்துறை வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகிறவர்கள் அடுத்த வேலைக்குத் தலையாட்டும் முன் உங்கள் பென்ஷன் விதியை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். உங்களிடம் யாராவது எதிரே வந்து உட்கார்ந்த அனுபவம் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், பேர் வேண்டாம்.